சரிந்தவர் எல்லாம் தவறு செய்தவரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கூகுள் போன்ற தேடுபொறிகள் பக்கங்களை வரிசைப்படுத்தும் முறையை மாற்றும் 'புதுப்பிப்புகள்' பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'தரமாக எழுதுபவர்கள் எந்தப் புதுப்பிப்புக்கும் அஞ்ச வேண்டியதில்லை' என்று ஒரு வரி. அதைப் படித்த என் மகள், "அப்படியானால் நீங்கள் சரியாக எழுதவில்லையா, அப்பா?" என்று கேட்டாள்.

தையல் இயந்திரப் பழுது பற்றி ஒன்பது ஆண்டுகளாக இணையதளம் நடத்துகிறேன். இயந்திரத்தை நானே பிரித்து, படமெடுத்து, மறுபடி பூட்டி ஓட்டிப் பார்த்த பிறகே ஒவ்வொரு கட்டுரையையும் எழுதினேன். ஒரு புதுப்பிப்புக்குப் பின், பத்துப் பேர் வந்த இடத்தில் மூவர்கூட வரவில்லை. நான் ஓர் எழுத்தையும் மாற்றியிருக்கவில்லை.

கூகுள் 2019இல் தந்த விளக்கம் தாங்கள் அறியாததல்ல. மையப் புதுப்பிப்பில், அதாவது வரிசைப்படுத்தும் முறையையே பரவலாக மாற்றும் புதுப்பிப்பில், இறங்கிய பக்கங்கள் விதியை மீறியவை அல்ல. சிறந்த 100 திரைப்படங்களின் பட்டியலைச் சில ஆண்டுகள் கழித்துத் திருத்தினால் புதியவை உள்ளே வருமே, அதுபோன்றது என்றது. விதிமீறல் என்று கூகுளின் ஆட்கள் பார்த்து நடவடிக்கை எடுத்தால், தளம் நடத்துவோருக்கு அது தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் அறிவிப்பு வரும். திருத்திவிட்டு மறுபரிசீலனை கோரலாம். மையப் புதுப்பிப்பில் சரிந்தவருக்கு அறிவிப்பும் கிடையாது, முறையிட இடமும் கிடையாது. 2024 மார்ச் புதுப்பிப்பு முழுமையாகப் பரவ 45 நாட்கள் ஆயின. அத்தனை நாளும் என்ன செய்வதென்று தெரியாமல் தளத்துக்கு வருவோர் எண்ணிக்கையைக் காட்டும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரிடமாவது கட்டுரையாளர் பேசியிருக்கலாம்.

இது முதல் முறையும் அல்ல. நீளமான கட்டுரைகளே முன்னுக்கு வரும் என்று சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழ்தான் எழுதியது. நம்பினேன். அரைப் பக்கக் குறிப்புகளை நான்கு பக்கமாக இழுத்தேன். ஊசி மாட்டத் தெரியாமல் வந்தவரை இயந்திரத்தின் வரலாற்றைப் படிக்க வைத்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. தனக்கு விருப்பமான சொல் எண்ணிக்கை என்று எதுவும் இல்லை என்று கூகுளே தன் வழிகாட்டியில் சொல்கிறது. அப்போதும் தங்களுக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

தரவரிசையில் இறங்குவது தவறுக்கான தண்டனை அல்ல என்று அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். கட்டுரை வந்த அதே பக்கத்தில் வந்தால் போதும். என் மகளுக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பல்லாண்டு வாசகர் ஒருவர்