இடக்கைப் பிள்ளைகளுக்கு மிருதங்கம் மறுக்கப்படலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு பதிப்பில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் பற்றி வெளிவந்த கட்டுரையை எங்கள் ஊரில் பலரும் விரும்பிப் படித்தோம். 1962-இல் மறைந்த ஒரு கலைஞரை இன்றைய மலேசிய வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியதற்கு முதலில் என் நன்றி. ஆயினும், அவர் இடக்கைப் பழக்கம் உடையவர் என்பதைக் கட்டுரையாளர் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. அவருடைய கலை வாழ்வின் போக்கையே தீர்மானித்த செய்தி அது. சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் மிருதங்கம் கற்க வரும் பிள்ளைகளுக்கு உடனடியாகத் தேவைப்படும் செய்தியும் அதுவே.

கச்சேரி மேடையில் பாடகரின் வலப்புறம் மிருதங்கமும் இடப்புறம் வயலினும் அமர்வது வழக்கம். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வழக்கமாக வலக்கையால் வாசிக்கப்படும் முகம், அவையை நோக்கி இருக்க வேண்டும் என்பதை ஒட்டி அமைந்த முறை இது. வலந்தலையை இடக்கையால் வாசிப்பவர் பாடகரின் மறுபுறம் அமர வேண்டியிருப்பதால், வயலின் கலைஞர் தம் வழக்கமான இடத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும். அதற்கு இசையாத வித்துவான்கள் அந்நாளில் இருந்தார்கள். கையில் குறையில்லை, வித்தையில் குறையில்லை. உட்காரும் இடத்தை முன்னிட்டே ஒரு பெருங்கலைஞருக்கு வாய்ப்புகள் தடைப்பட்டன என்பதை எண்ணும்போது இன்றும் மனம் கொதிக்கிறது. புகழ்பெற்ற பாடகரான செம்பை வைத்தியநாத பாகவதர் அவர் பக்கம் உறுதியாக நின்று, தம் கச்சேரிகளில் அவரைப் பக்கவாத்தியமாக அமர்த்திக்கொண்டார். பாகவதரின் இந்தப் பெருந்தன்மை கட்டுரையில் இடம்பெறாதது வருத்தமே.

பிள்ளையவர்கள், ஒரு கையால் பிடித்து மறு கையால் வாசிக்கும் சிறிய தோல்வாத்தியமான கஞ்சிராவிலும் வல்லவர். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் வழியில் வந்தவர் அவர். தந்தை முத்தையா பிள்ளையிடமும், அதே மரபின் தட்சிணாமூர்த்தி பிள்ளையிடமும் கற்றவர். பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க இவர் கஞ்சிரா வாசித்த கச்சேரிகளும், மிருதங்கத்தின் மறுமுகமான தொப்பியில் இவர் எழுப்பிய கும்கி என்னும் குழைந்த நாதமும் ரசிகர்களிடையே இன்றளவும் பேசப்படுகின்றன.

இதையெல்லாம் நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் வட்டாரத்தில் நடந்துவரும் ஒரு மிருதங்க வகுப்பில், இயல்பாக இடக்கையை வலந்தலையில் வைத்த ஒரு சிறுவனிடம், கையை மாற்றிக்கொண்டால் ஒழிய வகுப்பில் இடமில்லை என்று சொல்லப்பட்டது. தோட்டத்தை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த குடும்பம் அது. சிறுவனின் தாத்தா தோட்டத்துக் கோயிலில் உறுமி வாசித்தவர். கையை மாற்ற முயன்ற பேரனுக்கு 'த தி தோம் நம்' என்ற முதல் பாடமே தடுமாறியது; தனக்கு வித்தை வராது என்று எண்ணி அவன் நின்றுவிட்டான். இப்போது அவன் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான் என்று அவனுடைய தாயார் என்னிடம் வேதனையோடு சொன்னார். நகரத்தில் என்றால் வேறோர் ஆசிரியரைத் தேடிப் போகலாம். எங்களைப் போன்ற ஊர்களில் ஒரு வகுப்பின் கதவு மூடினால், அந்தப் பிள்ளைக்குக் கலையின் கதவே மூடிவிடுகிறது.

இடக்கைக்காரருக்குக் கற்பிக்க முடியாது என்ற எண்ணத்துக்குப் பிள்ளையவர்களின் ஆசிரியப் பணியே போதுமான மறுப்பு. அவருடைய முதன்மையான சீடர்களுள் ஒருவரான திருச்சி சங்கரன் வலக்கையால் வாசிப்பவர். பதின்மூன்று வயதில், பாடகர்களான ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரியில், குருவோடு சேர்ந்து வாசித்து அரங்கேறிய அவர், 1971-இல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். சென்னை மியூசிக் அகாடமி 2011-இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை வழங்கியது. இடக்கை குருவால் வலக்கைச் சீடரை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுவர முடிந்ததென்றால், வலக்கை ஆசிரியரால் இடக்கை மாணவருக்கு ஏன் சொல்லித்தர முடியாது? எதிரெதிரே அமர்ந்து கற்கும்போது, அத்தகைய மாணவருக்கு ஆசிரியரின் கைகள் கண்ணாடியில் தெரியும் தம் கைகளைப் போலவே தோன்றும். தனி வாத்தியமும் தேவையில்லை. இருப்பதையே திருப்பி வைத்துக்கொண்டால் போதும். வரிசையில் அவரை ஓர் ஓரத்தில் அமர்த்தினால் பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிக்காது. வாயால் சொல்லிப் பழகும் தாளச் சொற்களான சொற்கட்டும் தாளக் கணக்கும் எந்தக் கைக்கும் ஒன்றுதான்.

ஆகவே, வகுப்பு நடத்தும் கோயில் நிர்வாகங்களும், தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், கையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதை ஆசிரியர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். திருவிழாக் கச்சேரிகளில் இடக்கைக் கலைஞர் வாசிப்பதாக இருந்தால், மேடை அமைப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளலாம். தாங்களும் பிள்ளையவர்களின் கற்பித்தல் முறையைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை, அவர் இடக்கையால் வாசிக்கும் படத்துடன், மாணவர் பகுதியில் வெளியிட வேண்டுகிறேன். வெளிவந்ததும் அதை நானே அந்தச் சிறுவனின் வீட்டில் சேர்ப்பிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.