கல்லூரிக் கிணற்றில் தொடங்கட்டும் நிலவியல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கலைக் கல்லூரிகளில் தமிழ், வரலாறு, வணிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு செமஸ்டர் நிலவியல் நடத்த வருகைப் பேராசிரியரை அழைப்பது நல்ல காரியம். ஆனால் அவர் போர்டில் பாறைப் பெயர்களை எழுதிப் போட்டுவிட்டுப் போனால், தேர்வுக்கு மறுநாளே எல்லாம் மறந்துவிடும். கடலூர், புதுச்சேரிக் கல்லூரிகளுக்கு அந்த நிலை வேண்டியதில்லை.

முதல் வாரமே வளாகத்துத் திறந்தவெளிக் கிணற்றுக்கு மாணவர்களை அழைத்துப் போகலாம். கைப்பிடிச் சுவரில் பெயின்டால் ஒரு புள்ளி வைத்து, எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். ஸ்டீல் டேப்பின் கடைசி ஒரு மீட்டரில் சாக்பீஸ் தேய்த்து, நுனி நீரில் மூழ்கும்வரை இறக்குங்கள். புள்ளிக்கு நேராக 8.00 மீட்டர் நிற்கிறது, நனைந்த சாக்பீஸ் 0.42 மீட்டர் என்றால், நீர் 7.58 மீட்டர் கீழே. சுவரின் உயரம் 0.80 மீட்டரையும் கழித்தால், தரையிலிருந்து 6.78. பலர் தவறுவது இந்தக் கடைசிக் கழித்தலில்தான். இரண்டு முறை அளந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறையும் அளக்க வேண்டும். மோட்டார் ஓடி நின்றதும் அளந்தால் இறங்கிப்போன மட்டம்தான் கிடைக்கும். அதனால் விடியற்காலையே நல்லது. ஜூலையில் தொடங்கினால், ஐப்பசி மழைக்குப் பிறகு நீர் ஏறுவதை அதே பிள்ளைகள் தங்கள் கையாலேயே குறித்துவிடுவார்கள்.

இந்த அளவை வைத்து ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றி முடிவு கட்டக்கூடாது. அவை எடுப்பது வேறு அடுக்கின் நீர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு தேங்கியிருக்கும் நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கத் தளம் பொங்கி வெடிக்காமல் இருக்கும். அழுத்த நீர்த்தாங்கி, அதாவது நீர் புகாத அடுக்குக்குக் கீழே அழுத்தத்தோடு நீர் அடைபட்டிருக்கும் அடுக்கு, என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் பாடநூலில் இல்லை.

அடுத்தது தேவனாம்பட்டினம் கடற்கரை. சென்டிமீட்டர் குறித்த ஒன்றரை மீட்டர் கம்பு இரண்டு போதும். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நட்டு, கரைப்பக்கக் கம்புக்குப் பின்னால் நின்று, கடல்பக்கக் கம்பின் உச்சியையும் தொடுவானத்தையும் ஒரே கோட்டில் பாருங்கள். அந்தக் கோடு கரைப்பக்கக் கம்பை உச்சியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே வெட்டுகிறதோ அந்த ஒன்றரை மீட்டர் தூரத்தில் மணல் அத்தனை சரிவு. ஈர மணலில் கம்பு இறங்கிவிடும். அடியில் ஓட்டுத் துண்டு வையுங்கள். இதே அளவைப் புதுச்சேரித் துறைமுகத்துக்குத் தெற்கிலும் வடக்கிலும் அவ்வப்போது எடுத்து ஒப்பிட்டால், மணல் எங்கே சேர்கிறது, எங்கே அரிக்கிறது என்பது தெரியும்.

விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் கல்லாக மாறிக் கிடக்கும் கல்மரங்களையும் விட்டுவிடக்கூடாது. சுமார் 2 கோடி ஆண்டுப் பழைமை, அதனால் ஒரு சில்லுகூட எடுக்கக்கூடாது. வேரும் கிளையும் எங்கே என்று மட்டும் பிள்ளைகளைக் கேளுங்கள். அவை இல்லாத அடிமரங்கள் ஆற்று வெள்ளத்தில் அடித்து வந்தவை என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கல்லூரி நிர்வாகங்களிடம் இரண்டு வேண்டுகோள். சனிக்கிழமை அரைநாளைப் பேராசிரியர் வருவதற்கு முன்பே கால அட்டவணையில் ஒதுக்குங்கள். கிணற்றளவும் கடற்கரை அளவும் எழுதிய நோட்டு, போகிறவர் பையில் போகாமல் நூலகத்தில் இருக்கட்டும். அடுத்து வருபவர் அதே பெயின்ட் புள்ளியிலிருந்து தொடர வேண்டும்.

இப்படிக்கு,
நிலவியல் ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்