குறைந்த பெறுபேறுக்காரருக்கு ஒதுக்கிய படிப்பா இது?

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டு கிழமைக்கு முன் உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரைக்குப் பதில் எழுதவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன், வேலை முடிந்து வந்து இருக்க இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. இங்கிலாந்தில் பிள்ளைக்கு ஏ லெவல் பெறுபேறு எதிர்பார்த்தபடி வராவிட்டால் பெற்றோர் மனம் தளரவேண்டாம், சம்பளத்தோடு வேலை பழகிக்கொண்டே படிக்கிற அப்பிரன்டிஸ்ஷிப் என்று ஒன்றும் இருக்கிறது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த 'ஒன்றும் இருக்கிறது' என்பதில்தான் எனக்குக் கோபம். என்னவோ பந்தி முடிந்தபிறகு மிச்சம் இருக்கிற சோறு மாதிரி.

என் மகளுக்குக் கணிதத்திலும் பௌதிகவியலிலும் நல்ல பெறுபேறுதான் வந்தது. இரண்டு பல்கலைக்கழகங்களில் இடமும் கிடைத்திருந்தது. அதையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மின்விநியோக வலையமைப்பு நடத்துகிற ஒரு கொம்பனியில், மின்வலு எஞ்சினியரிங்கில் நாலாம் லெவல் ஹையர் அப்பிரன்டிஸாகச் சேர்ந்து இப்போது இரண்டாவது வருடம். கொம்பனியின் பெயரை எழுதினால் அவள் என்னோடு கதைக்கமாட்டாள், ஆகவே எழுதவில்லை.

நான் உடனே சம்மதித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மூன்று மாதம் சண்டை. நான் 1999இல் இங்கே வந்தவன், இரவு இரவாகப் பெற்றோல் நிலையத்தில் நின்றவன், பிள்ளை பட்டமளிப்புக் கவுனோடு நிற்கிற படத்தை வரவேற்பறையில் மாட்டுகிற இடத்தைக்கூட மனதுக்குள் பார்த்துவைத்திருந்தேன். மனைவிக்கு வேறு பயம்: பொம்பிளைப்பிள்ளை, கரண்ட் வேலை. ஒரு பிறந்தநாள் விழாவில் சொந்தக்கார மாமி ஒருவர், "ஏன், பிள்ளையைக் கம்பசுக்கு விடேல்லையோ? காசு கஷ்டமே?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகள் சிரித்துக்கொண்டே, பரடேயும் பதினாலு வயதில் புத்தகம் கட்டுகிற கடையில் அப்பிரன்டிஸாகச் சேர்ந்து ஏழு வருடம் வேலை பழகினவர்தான் மாமி என்றாள். அவள் சொன்னது மின்சார விஞ்ஞானி மைக்கல் பரடேயை. "அது ஆர் பிள்ளை?" என்று கேட்டார் மாமி. அதோடு அந்தக் கதை முடிந்தது.

லெவல் என்ற சொல்லில்தான் எங்கள் ஆட்கள் பாதிப்பேர் தடுக்கி விழுகிறார்கள், உங்கள் கட்டுரையும் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் இரண்டாம் லெவல் அப்பிரன்டிஸ்ஷிப் பதினாறு வயதில் எடுக்கிற ஜிசிஎஸ்இ சோதனைக்குச் சமன், மூன்றாவது ஏ லெவலுக்குச் சமன். நாலிலிருந்துதான் 'ஹையர்'. நாலாம் லெவல் என்றால் எச்.என்.சி என்கிற தொழிற்கல்விச் சான்றிதழ், பல்கலைக்கழக முதல் வருடத்தின் தரம். ஐந்தாவது எச்.என்.டி அல்லது ஃபவுண்டேஷன் டிகிரி, அதாவது இரண்டாம் வருடத்தின் தரம், ஆறாவது முழுப் பட்டம். ஆகவே நாலாம் லெவலில் போகிற பிள்ளை ஏ லெவலுக்குக் கீழே இறங்கவில்லை, அதற்கு மேலே ஒரு படி வைக்கிறது. இதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்: நாலாம் லெவல் முடித்தால் கையில் பட்டம் இல்லை. பட்டம் வேண்டுமென்றால் அதற்குப் பிறகு இன்னும் படிக்கவேண்டும், சில கொம்பனிகள் செலவு செய்து படிக்கவைக்கும், சிலது வைக்காது. சேர முதலே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி அது. நாங்கள் கேட்கவில்லை, பிறகுதான் கேட்டோம், நல்லவேளையாகப் பதில் நல்லதாக வந்தது.

காசு விசயம் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், எனக்கு அது முதலாவது காரணம் இல்லை. இங்கிலாந்தில் பல்கலைக்கழகக் கட்டணம் 2025–26 கல்வியாண்டுக்கு வருடம் 9,535 பவுண்ட்ஸ் வரை. மூன்று வருடத்துக்கு 28 ஆயிரத்துக்கு மேல், இருக்கிற செலவும் சாப்பாடும் வேறு. 2023 ஓகஸ்டிலிருந்து படிப்புத் தொடங்கினவர்கள் வருடம் 25 ஆயிரத்துக்கு மேல் உழைக்கிற ஒவ்வொரு பவுண்டிலும் 9 வீதம் கடனுக்குக் கட்டவேண்டும், அதுவும் கடன் தீராவிட்டால் 40 வருடம்வரைக்கும். அப்பிரன்டிஸுக்கு இந்தக் கட்டணம் ஒன்றும் இல்லை. 2017 ஏப்ரலிலிருந்து, சம்பளச் செலவு 30 இலட்சம் பவுண்ட்ஸைத் தாண்டுகிற கொம்பனிகள் தாண்டின தொகையில் அரை வீதத்தை லெவி என்று அரசாங்கத்துக்குக் கட்டுகின்றன, பயிற்சிச் செலவு அதிலிருந்து போகிறது. மேலதிகமாகச் சம்பளம். அப்பிரன்டிஸுக்கான ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண்ட்ஸ் ஆனது, ஹையர் அப்பிரன்டிஸுக்குப் பெரிய கொம்பனிகள் அதைவிடக் கூடத்தான் கொடுக்கின்றன. சரி, காசுக் கதை போதும். 

நான் எழுதவந்தது அந்த வேலையையும் படிப்பையும் பற்றி. மின்வலு எஞ்சினியரிங்கைக் கரும்பலகையில் மட்டும் படித்து முடிக்கலாம் என்று எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. 400 கிலோவோல்ட்டிலும் 275 கிலோவோல்ட்டிலும் நாடு முழுக்க ஓடி, பிறகு 132, 33, 11 என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் எங்கள் குசினிக் கேத்திலுக்கு 230 வோல்ட்டாக வந்து சேருகிறது மின்சாரம். அந்த ஒவ்வொரு படியிலும் மின்னழுத்தத்தை மாற்றுகிற ஒரு ட்ரான்ஸ்போமர், பழுது வந்தால் மின்சாரத்தை வெட்டுகிற ஒரு பிரேக்கர், பழுதைக் கண்டு அதற்குச் சொல்கிற ஒரு ரிலே, அதை இயக்கவும் நிறுத்தவும் பொறுப்பெடுக்கிற ஒரு ஆள். அந்த ஆள் கணக்கும் தெரிந்தவராக இருக்கவேண்டும், கையும் பழகினவராக இருக்கவேண்டும்.

ஒருநாள் மகள் வேலையால் வந்து, தம்பிக்கு இருமல் மருந்து கொடுக்கிற பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, ட்ரான்ஸ்போமருக்குள் நிரப்பியிருக்கிற எண்ணெயில் பரிசோதனைக்கு ஒரு மாதிரி எடுப்பது எப்படி என்று எனக்குக் காட்டினாள். முதலில் வால்வில் கிடந்த பழைய எண்ணெயை ஓடவிட்டுவிட வேண்டும், பிறகு கண்ணாடி சிரிஞ்சுக்குள் மெதுவாக ஏற்றவேண்டும், காற்றுக் குமிழி ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது. ஏனென்றால் பரிசோதனைச் சாலையில் பார்க்கப்போவதே அந்த எண்ணெயில் கரைந்திருக்கிற வாயுக்களைத்தான். அசெட்டிலின் வந்தால் உள்ளே எங்கோ தீப்பொறி பறந்திருக்கிறது, எதிலீன் கூடினால் எண்ணெய் எங்கோ கடுமையாகச் சூடாகிறது, கார்பன் மொனொக்சைட் கூடினால் கம்பியைச் சுற்றியிருக்கிற கடதாசி கருகுகிறதோ என்று பார்க்கவேண்டும். டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்க்கிற மாதிரித்தான். அதைச் சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் நான் வரவேற்பறைப் படத்தை மறந்தேன்.

இது சும்மா விளையாட்டு இல்லை என்பதற்கு, எங்கள் பக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2025 மார்ச் 20ஆம் திகதி இரவு மேற்கு லண்டன் ஹேய்ஸில் நோர்த் ஹைட் சப்ஸ்டேஷனில், அதாவது துணைமின் நிலையத்தில், ட்ரான்ஸ்போமர் தீப்பிடித்து, மறுநாள் மாலைவரை ஹீத்ரோ விமான நிலையம் மூடிக் கிடந்தது உங்கள் வாசகர்களுக்கு மறந்திருக்காது, எத்தனை பேர் சென்னைக்கும் கொழும்புக்கும் போகமுடியாமல் பெட்டியோடு நின்றார்கள். 66,000க்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. அந்த வருடம் ஜூலையில் தேசிய மின்கட்டமைப்பை இயக்குகிற அமைப்பு வெளியிட்ட இறுதி அறிக்கையைப் பாருங்கள். ட்ரான்ஸ்போமரின் தலையில் கொம்பு மாதிரி நிற்குமே, உயரழுத்தக் கம்பி உள்ளே இறங்குகிற இடம், புஷிங் என்பார்கள், அது வெடித்ததுதான் காரணம், உள்ளே ஈரம் போனதால் இருக்கக்கூடும் என்கிறது அறிக்கை. 2018 ஜூலையிலேயே எண்ணெய் மாதிரியில் ஈரம் கூடியிருப்பது தெரிந்திருந்தது, ஆனால் அதற்கு உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை. ஏழு வருடத்துக்குக் கிட்ட. ஒரு சிரிஞ்சு எண்ணெயும் அதில் வந்த எண்ணும் சொன்னதை யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த அறிக்கையை மகள் அச்செடுத்து, கோடு போட்டுப் போட்டு வாசித்தாள், இரண்டாம் வருடப் பாடத்தில் அது இல்லை, இருந்தும் வாசித்தாள்.

மனைவியின் பயத்துக்கு வருகிறேன். மகள் சொன்ன முறை இது: வேலை செய்யவேண்டிய பகுதியை எல்லாப் பக்கத்தாலும் துண்டித்து, ஆளுக்காள் பூட்டுப் போட்டு, பிறகு அதில் மின்சாரம் செத்துவிட்டதா என்று கருவியால் பார்க்கவேண்டும். அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று முதலிலும் பார்க்கவேண்டும், பார்த்து முடிந்தபிறகும் ஒருமுறை பார்க்கவேண்டும், இடையில் அதுவே பழுதாகியிருந்தால் என்ன செய்வது? அதற்குப் பிறகு எர்த் பண்ணி, கையெழுத்து வைத்த அனுமதிப் பத்திரம் கையில் வந்தால்தான் வேலை தொடங்கலாம். மோதிரம், சங்கிலி ஒன்றும் கூடாது, அம்மம்மா கொடுத்த காப்பைக் கழற்றவைத்ததில்தான் வீட்டில் கடைசிப் போர் நடந்தது. சப்ஸ்டேஷனைவிட நான் நின்ற பெற்றோல் நிலையம் ஆபத்தானது என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன், அவ்வளவாக எடுபடவில்லை.

கஷ்டம் இல்லையா? இருக்கிறது. மகளுக்குக் கிழமையில் கிட்டத்தட்ட ஒரு நாள் படிப்புக்கு என்று கணக்கு, சில கொம்பனிகள் அதைச் சேர்த்துக் கிழமைக்கணக்கில் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பும். மற்ற நாட்களில் விடிய ஐந்தரைக்கு எழும்பி, குளிரில், மழையில், ஏதோ ஒரு வயல் நடுவில் இருக்கிற சப்ஸ்டேஷனில் நிற்கவேண்டும். அதற்குப் பிறகு வந்து இரவில் அசைன்மென்ட். மூன்று கட்ட மின்சாரம், மாறுகிற மின்னோட்டத்தை அம்புக்குறியாக வரைகிற ஃபேசர், வந்த மின்வலுவில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்கிற பவர் ஃபாக்டர், ஷோர்ட் ஆனால் எத்தனை ஆயிரம் அம்பியர் பாயும் என்ற கணக்கு என்று கணிதம் சும்மா விடாது. ஏ லெவலில் 'ஐ' என்று படித்த கற்பனை எண் இங்கே 'ஜே' ஆகிவிட்டது, 'ஐ' மின்னோட்டத்துக்குப் போய்விட்டதாம். அவளுடைய பள்ளித் தோழிகள் யூனியில் இரவிரவாகக் கொண்டாட்டப் படம் போடும்போது இவள் பதினொரு மணிக்கு நித்திரை. பல்கலைக்கழக வாழ்க்கை வேண்டும் என்கிற பிள்ளைக்கும், மருத்துவம் என்று ஏற்கெனவே முடிவெடுத்த பிள்ளைக்கும் இதைத் திணிக்கவேண்டாம். முடிவில் தனியாக ஒரு மதிப்பீடும் இருக்கிறது, வேலையில் செய்ததை எல்லாம் கோப்பாகக் காட்டி, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கிறவர்களுக்கு முன்னால் இருந்து பதில் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு எஞ்சினியர்களின் தொழிற்பதிவைப் பார்க்கிற எஞ்சினியரிங் கவுன்சிலில் முதலில் டெக்னீஷியனாகப் பதியலாம், படிப்பும் அனுபவமும் கூடக்கூடச் சார்ட்டட் எஞ்சினியர் என்கிற மேல்நிலைப் பதிவுவரை போகிற பாதை திறந்துதான் இருக்கிறது.

உங்கள் கட்டுரையில் விட்டுப்போன இன்னும் இரண்டு விசயம். ஒன்று, பெறுபேறு வந்தபிறகு பார்க்கலாம் என்று ஓகஸ்ட் வரை இருந்தால் வண்டி போய்விடும். இது பல்கலைக்கழக விண்ணப்பம் மாதிரி இல்லை, வேலைக்கு விண்ணப்பிக்கிற மாதிரி, ஒவ்வொரு கொம்பனிக்கும் தனித்தனியாக. என் மகள் விண்ணப்பித்தது சேர்ந்ததற்கு முந்தின வருடம் நவம்பரில், பிறகு இணையத்தில் சோதனை, பிறகு ஒரு முழுநாள் நேர்முகம். ஒரு இடத்துக்குப் பலர் போட்டி. பெறுபேறு குறைந்தவர்களுக்கு ஒதுக்கிய இடம் என்று நினைத்துப் போகிற பிள்ளை அங்கே போய்த்தான் உண்மையைக் கண்டுகொள்ளும். இரண்டாவது, ஸ்டூடன்ட் விசாவில் வந்த பிள்ளைகள் இதில் சேரமுடியாது, இங்கே வேலை செய்கிற உரிமையும், பொதுவாக மூன்று வருடம் இந்நாட்டில் வசித்த கணக்கும் வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டதால் புதிதாக வந்த ஒரு குடும்பம் உங்கள் கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு எனக்குப் போன் எடுத்தது, பாவம். அப்புறம், நான் எழுதினது எல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்கொட்லாந்து, வேல்ஸ் முறைகள் வேறு.

ஒவ்வொரு ஓகஸ்டிலும் நாலு ஏ-ஸ்டார் எடுத்த பிள்ளைகளின் படத்தை முழுப்பக்கத்தில் போடுகிறீர்கள், போடுங்கள், சந்தோசம். அடுத்த முறை ஒரு மூலையில் அப்பிரன்டிஸ்ஷிப் கிடைத்த பிள்ளைகளின் படத்தையும் போடமுடியுமா? என் மகளின் படம் வேண்டாம், அவள் சம்மதிக்கமாட்டாள்.

கடைசியாக ஒன்று. கட்டுரையோடு வந்த படத்தில் ஒரு பையன் திறந்த மின்பெட்டிக்கு முன்னால் கையுறையும் இல்லாமல், விரலில் தடித்த மோதிரத்தோடு, குறடு ஒன்றைக் கம்பிக்குள் விட்டுக்கொண்டு கமெராவைப் பார்த்துச் சிரிக்கிறான். மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்தப் பெடியனை முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்கள்" என்றாள். அந்தப் படத்தையாவது மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
மேற்கு லண்டனிலிருந்து ஒரு தகப்பன்