எந்தப் புருவம்?

அன்புள்ள கண்ணா,

படங்கள் எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். "அம்மா, நீ பக்கத்தில் நிற்பது நிஜ அமிதாப்பா?" என்று கேட்டிருந்தாய். மெழுகுதான். லண்டனில் மேரிலபோன் சாலையில் இருக்கும் மேடம் டுசாட்ஸ் மெழுகுச் சிலைக் காட்சியகத்தில் எடுத்தது. கண்ணாடி அத்தைதான் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பொம்மைகளோடு நின்று படம் எடுக்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்குள் ஒரு முனகல். உள்ளே போய் அரை மணி நேரத்தில் அது போய்விட்டது. நான் பார்த்ததைப் போனில் அவசர அவசரமாகச் சொல்ல மனசு வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

அங்கே பெரும்பாலான உருவங்களுக்குக் கயிறும் இல்லை, கண்ணாடிப் பெட்டியும் இல்லை. தோளோடு தோள் நிற்கலாம். எனக்கு முதலில் தட்டுப்பட்டது உயரம்தான். திரையிலும் செய்தியிலும் பார்த்துப் பார்த்து நாமாக ஓர் உயரம் கொடுத்து வைத்திருக்கிறோமே, அது அங்கே கலைந்துபோகிறது. எலிசபெத் ராணி பக்கத்தில் அத்தை போய் நின்றாள். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே உயரம். "அடியே, இவங்க நம்ம மாதிரிதான்டி இருக்காங்க" என்று அவள் சொன்னபோது அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நீ கேட்டிருக்க வேண்டும்.

அமிதாப் பக்கத்தில் மட்டும் நாங்கள் இருவருமே சின்னப் பிள்ளைகள் ஆகிவிட்டோம். இந்திய நடிகர்களில் அவருக்குத்தான் முதலில் இங்கே சிலை வைத்தார்கள், 2000-ல்.

பிறகு முகங்களைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். கண்ணின் வெள்ளையில் மயிரிழை போல ஓடும் சிவப்பு நரம்பு, சிவப்புப் பட்டு நூலாம். ஒவ்வொரு தலைமுடியையும் தனித்தனியாக ஊசியால் மெழுகில் செருகுகிறார்கள். ஒரு தலையை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். யாருக்குச் சிலையோ அவரை எதிரில் உட்கார வைத்து 250 அளவுகளுக்கு மேல் எடுப்பார்களாம். மூக்கு நுனியிலிருந்து காது வரை, இமைக்கும் இமைக்கும் நடுவில், விரல் மூட்டுக்கு மூட்டு. முதலில் களிமண்ணில் செய்து, அதற்கு அச்சு எடுத்து, அச்சில் மெழுகை ஊற்றுகிறார்கள். ஆறும்போது மெழுகு சுருங்குமென்று களிமண் தலையை 2 சதவீதம் போலப் பெரிதாகவே செய்வார்களாம். சுருங்கப்போவதை முன்கூட்டியே தெரிந்து இடம் விட்டுச் செய்கிற அந்தக் கைகளை நினைத்து நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

அத்தை ஒரு சிலையின் உள்ளங்கையைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். "சில்லுன்னு இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு அவள் எதையும் தொடவில்லை. மாமா போன நாள் அவளுக்கு நினைவு வந்திருக்கும். நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் தொடங்கி வைத்த மேரி டுசாட்டின் சிலையும் அங்கே இருக்கிறது, கண்ணா. 1842-ல், எண்பது வயதுக்குப் பிறகு, தன்னைத் தானே செய்துகொண்டது. சின்ன உருவம், தலையில் குல்லாய், மூக்கில் வட்டக் கண்ணாடி. இவ்வளவு நட்சத்திரங்கள் இருக்கிற இடத்தில் அந்தக் கிழவியைத் தேடி வருபவர்கள் குறைவுதான். நான் அந்த நாள் முழுக்கப் பார்த்ததில் என் மனசில் நிற்பது அவர்தான்.

1761-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்தவர். அம்மா ஒரு மருத்துவர் வீட்டில் வேலை பார்த்தவர். கர்டியஸ் என்ற அந்த மருத்துவர் மெழுகில் உடலுறுப்புகள் செய்வதில் கைதேர்ந்தவர், அவரிடம்தான் மேரி தொழில் கற்றார். பிரெஞ்சுப் புரட்சியின்போது வெட்டுப்பட்ட தலைகளிலிருந்து முக அச்சு எடுக்கச் சொன்னார்கள் என்று பின்னால் அவரே நினைவுக்குறிப்பில் சொல்லியிருக்கிறார். தெரிந்த முகங்களை அப்படி மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்ய ஒரு பெண்ணுக்கு எப்படிக் கை வந்திருக்கும்!

1802-ல் மெழுகு உருவங்களை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கூடப் போனது மூத்த பையன் ஜோசப் மட்டும், நாலு வயசு. நீ அத்தைக்குக் 'கண்ணாடி அத்தை' என்று பேர் வைத்த வயசு. சின்னவன் பிரான்சுவாவைக் கணவரிடம் விட்டுவிட்டுப் போனார், அவனுக்கு இரண்டு வயசுதான். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருப்பார். அடுத்த வருஷமே பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் மறுபடி போர். ஊர் ஊராகக் கண்காட்சி போட்டுப் பிழைத்தார், 1835-ல்தான் லண்டன் பேக்கர் தெருவில் நிலையாக ஓர் இடம் அமைந்தது. கணவரை அப்புறம் பார்க்கவே இல்லை. சின்னவன் அம்மாவைத் தேடி வந்தபோது இருபது வயசு தாண்டிய ஆண்பிள்ளை.

ஒரு தடவை பார்த்த முகத்தை மெழுகில் அப்படியே கொண்டுவருகிறவர், வாசலில் வந்து நின்ற சொந்தப் பிள்ளையை எதை வைத்து அடையாளம் கண்டிருப்பார்? காதை வைத்தா, நெற்றியை வைத்தா? இதைக் கேட்டதும் அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் முகத்தை அளந்து பார்த்தேன், மனசுக்குள். ஊஞ்சலிலிருந்து விழுந்து புருவத்தில் மூன்று தையல் போட்டார்களே, அது இடது புருவமா, வலது புருவமா? உடனே சொல்ல வரவில்லை, கண்ணா. எழுந்து போனை எடுத்துப் பார்த்தேன். நீ அனுப்பிய செல்ஃபியில் ஒரு பக்கம் இருக்கிறது, உன் பள்ளிக்கூடத்துப் படத்தில் மறுபக்கம் இருக்கிறது. செல்ஃபி இடவலம் மாற்றிக் காட்டும் என்று அத்தை சொன்னாள். எந்தச் செல்ஃபி மாற்றும், எது மாற்றாது என்று அவளுக்கும் தெரியவில்லை. அந்தத் தையல் போட்டபோது உன் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

வீடியோவில் தினமும் பேசுகிறோம், சரி. ஆனால் அதில் உன் முகம் பாதி இருட்டாகத்தான் தெரிகிறது. நீ பேசுவதைத்தான் கேட்கிறேன், உன்னைப் பார்க்க முடிவதில்லை. வேலை இருக்கும், லீவு கிடைக்காது, எல்லாம் தெரியும். நாலு நாள் கிடைத்தாலும் போதும், வா.

இதைப் படித்ததும் கண்ணாடி முன்னால் போய் நிற்பாய், எனக்குத் தெரியும். எந்தப் புருவம் என்று போனில் சொல்லிவிடாதே. வந்து காட்டு.

அன்புடன்,
அம்மா