அப்பாவின் ஜாவா: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். உன் முட்டி வலியைப் பற்றி மட்டும் ஒரே வரியில் எழுதிவிட்டு நழுவியிருக்கிறாய். டாக்டர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் ஒழுங்காக எழுது. இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்குக் கண்ணாடியின் பவர் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். கார்புரேட்டர் ஜெட்டின் துளையை இப்போது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமனார் விட்டுப்போன வண்டியை யாரிடமோ கொடுத்து ஷோரூமிலிருந்து வந்ததுபோல் ஆக்கப் போவதாக எழுதியிருந்தாய். நான் அப்பாவின் ஜாவா மோட்டார் சைக்கிளை என்ன செய்தேன் என்றும் கேட்டிருந்தாய். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என்ஜினில் தாராளமாகக் கை வை, பெயிண்டில் மட்டும் அவசரப்படாதே. இதற்காக எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது.

வண்டி உனக்கு நன்றாக நினைவிருக்கும். 250 சிசி, 353 மாடல். 1954இல் செக்கோஸ்லோவாகியாவில் வந்த வடிவம், நம்முடையது மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்தது. சிலிண்டர் ஒன்றுதான், ஆனால் சைலென்சர் பக்கத்துக்கு ஒன்று. கிக்கரும் கியரும் ஒரே லீவர்: உள்ளே அழுத்தித் திருப்பினால் கிக்கர், ஸ்டார்ட் ஆனபின் முன்னால் கொண்டுவந்தால் கியர். கியரை மிதித்தாலே கிளட்ச் தானாக விலகிவிடும். அந்தக் காலத்தில் இதையெல்லாம் எப்படித்தான் யோசித்தார்களோ!

அப்பாவுக்குப் பிறகு வண்டி எங்கள் மூவருக்கும் பொது. தம்பிக்கு அது முதலில் வந்த மெரூன் நிறத்தில், குரோம் பளபளக்க நிற்க வேண்டும். எனக்கு அந்த நீலம் இருக்க வேண்டும். அப்பா தன் கையாலேயே பிரஷ் வைத்து அடித்த நீலம். டேங்கின் பின்பக்கம் பிரஷ் இழுத்த தடம்கூடத் தெரியும், சில இடத்தில் உரிந்து அடியில் மெரூன் எட்டிப் பார்க்கும். அக்காவுக்கு இந்தச் சண்டையே புரியவில்லை. “ஓடுமா, ஓடாதா? அதை முதலில் சொல்லுங்கள்” என்றாள். மூவரில் வண்டியை நன்றாக ஓட்டுகிறவள் அவள்தான் என்பது உனக்குத் தெரியும்.

தம்பி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நீலம் கம்பெனி நிறமே அல்ல, அப்படியிருக்க அதை எப்படி ஒரிஜினல் என்பாய் என்று கேட்டான். நான் திருப்பிக் கேட்டேன்: மெரூனை இப்போது அடித்தால் அது மட்டும் கம்பெனி அடித்ததாகிவிடுமா? அது நேற்றைய பெயிண்ட். தொழிற்சாலையில் அடித்த மெரூன் அந்த நீலத்துக்கு அடியில் இன்னும் இருக்கிறது. நாம் புதிதாக அடிக்க வேண்டுமானால் முதலில் சுரண்ட வேண்டியது அதைத்தான்.

பழைய வண்டிக்காரர்களின் உலகக் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது, ஃபீவா என்பார்கள், 1966இல் தொடங்கியது. அவர்கள் டுரின் சாசனம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பழைய கட்டடங்களையும் சின்னங்களையும் பாதுகாக்க 1964இல் எழுதிய வெனிஸ் சாசனத்தின் வழியில் வந்தது. அதன் சாரம் இதுதான்: இருப்பதைக் காப்பாற்றுவது முதலில், தேவையான பழுது பார்ப்பது அடுத்து, புதிதுபோல் ஆக்குவது கடைசியில். வண்டி உபயோகத்தில் இருந்த காலத்தில் அதன்மேல் ஏறிய மாற்றங்களும் அதன் சரித்திரத்தில் சேர்த்திதான். தம்பியிடம் இதைப் படித்துக் காட்டினேன். அசையவில்லை. டேங்கின் இடது பக்க நெளிசலை டிங்கரிங் செய்து எடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோதுதான் அசைந்தான். அது அவனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அப்பா மணலில் சறுக்கி விழுந்தபோது பட்டது. “அது இருக்கட்டும்” என்றான். நெளிசல் இருந்தால் அதன்மேல் இருக்கும் பெயிண்டும் இருந்தாக வேண்டுமே! அத்தோடு வாக்குவாதம் முடிந்தது.

ஆனால் ரிம் விஷயத்தில் அவன் சொன்னதுதான் சரி. வெளியே குரோம் ஓரளவு நன்றாகத்தான் இருந்தது. டயரைக் கழற்றிப் பார்த்தால் டியூப் உட்காரும் இடமெல்லாம் துரு தின்று உதிர்ந்தது, ஸ்போக்கின் முனைகள் கரைந்திருந்தன. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சரித்திரம் பேசக்கூடாது. ரிம், ஸ்போக், டயர், டியூப், பிரேக் ஷூ எல்லாம் புதிது. ஒன்று முக்கியம், கேட்டுக்கொள்: பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைக் கிளப்பிவிடாதே, ஈரத்துணியால் துடைத்து எடு. டயரில் பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறாதே. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருந்தால் முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம். மூன்றே இலக்கம்தான் என்றால் அது 2000க்கு முந்தைய டயர். யோசிக்கவே வேண்டாம், தூக்கிப் போடு.

இப்போது என்ஜின். பல வருஷம் நின்றதில் பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த நிலையில் கிக்கர்மேல் ஏறி நின்று குதிக்கிறவர்கள் உண்டு. கியர் பல்லோ கிக்கர் ஷாஃப்டோ உடையும், பிஸ்டன் மட்டும் நகராது. பிளக்கைக் கழற்றிவிட்டு ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஊற்றுவது) அசிட்டோனும் சரிபாதி கலந்து உள்ளே ஊற்றினோம். (அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் யாரும் சிகரெட்டோடு வரக்கூடாது.) அப்படியே விட்டுவிட்டு, தினமும் கொஞ்சம் சேர்த்து, பிறகு ஹெட்டைக் கழற்றி மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டினோம். ஒருநாள் இளகியது. பொறுமைதான் இதற்குக் கருவி.

இளகியதும் பெட்ரோல் ஊற்றி ஓட்டிவிடலாம் என்று எல்லோருக்கும் கை பரபரக்கும். உனக்கும் பரபரக்கும், உன்னை எனக்குத் தெரியாதா? தயவுசெய்து வேண்டாம். ஜாவா டூ ஸ்ட்ரோக் வண்டி. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் கிராங்க் கேஸ் வெறும் பெட்டி அல்ல, அதுவும் ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோல் கலவை அதற்குள் வருகிறது, கீழே இறங்கும்போது அங்கிருந்து தள்ளப்பட்டு மேலே சிலிண்டருக்குப் போகிறது. அது காற்றுப் புகாமல் இருக்கக் காரணம் கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் ஆயில் சீல்கள். நின்றுபோன வண்டியில் அந்த ரப்பர் இறுகி, வெடித்துக் கிடக்கும். டைனமோ பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும். கலவையில் பெட்ரோல் குறையும், அதோடு ஆயிலும் குறையும், சூடு ஏறும், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் பிடிக்கும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை என்ஜின் உறிஞ்சிக் குடித்துவிட்டு வெள்ளைப் புகையாகக் கக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதாலேயே என்ஜின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கேஸைப் பிரித்தே ஆக வேண்டும். பிரிக்கிறதுதான் பிரிக்கிறோம் என்று கிராங்க் பேரிங்கையும் மாற்றிவிட வேண்டும், கனெக்டிங் ராடில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். எங்கள் சிலிண்டரில் கீறல் இருந்தது, உள்சுவரைக் கடைந்து ரீபோர் செய்தோம். லேத்காரர் நல்ல ஆள். பிஸ்டனைக் கையில் கொடுக்காமல் போர் போட மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். அப்படிச் சொல்கிறவரைத் தேடிப் பிடி.

சீல் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் விட்டான் என்ற ரப்பர் கிடைத்தால் அதையே போடு. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அந்தக் கால ரப்பருக்கு அது ஆகாது. பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பின் கார்க், ட்யூப் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். அதனால் டேங்கில் பெட்ரோலை மாசக்கணக்கில் விட்டுவைக்காதே.

டேங்கின் உள்ளே துரு அப்பியிருந்தது. வெளிப் பெயிண்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதால் ஆசிட் பக்கமே போகவில்லை. தண்ணீரில் வாஷிங் சோடா கரைத்து ஊற்றி, நடுவில் டேங்கில் படாமல் ஒரு சாதாரண இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவைக் கம்பியிலும் நெகட்டிவை டேங்கிலும் கொடுத்தோம். துரு இளகிச் சேறாகக் கழன்று வந்தது, நல்ல இரும்பு கொஞ்சமும் கரையவில்லை. இரண்டு எச்சரிக்கை: எவர்சில்வர் கம்பியைப் போடாதே, அதிலிருக்கும் குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். இன்னொன்று, இதில் ஹைட்ரஜன் வாயு வரும், திறந்த வெளியில் செய்.

வெளியே செய்தது ரொம்பக் குறைவு. மைல்டான சோப்புத் தண்ணீர், காய்ந்த துணி, அப்புறம் மெழுகு. மட்கார்டின் அடிப்பக்கம் துருவை மட்டும் நிறுத்தினோம். சைடு ஸ்டாண்டில் யாரோ வைத்த முரட்டு வெல்டிங் ஒன்று மரத்தில் வடிந்த பிசின்போல் உருண்டு நிற்கிறது. உறுதியாக இருக்கிறது, அப்படியே விட்டோம். செயின் பெட்டியைத் திறந்ததும்தான் ஆச்சரியம். முழுக்க மூடிய பெட்டி என்பதால் தூசி போகாமல் செயின் நேற்று மாட்டியதுபோல் இருந்தது. இன்றைய வண்டிகளில் ஏன் இதை விட்டுவிட்டார்களோ தெரியவில்லை.

சைலென்சர் இரண்டிலும் உள்குழாய் கரி பிடித்துப் பாதி அடைபட்டிருந்தது. கழற்றிச் சுரண்டிப் போட்டதும் சத்தமே மாறிவிட்டது. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காண்டாக்ட் பாயிண்டின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், அதோடு சேர்ந்த கண்டென்சர் புதிது. பெட்ரோலுக்கு 25க்கு 1 என்ற பழைய கணக்கிலேயே ஆயில் கலக்கிறோம், லிட்டருக்கு 40 மில்லி. ரீபோர் செய்த வண்டி என்பதால் இப்போதைக்கு முழு த்ராட்டில் கிடையாது, ஒரே வேகத்தில் நீண்ட தூரமும் கிடையாது. அக்காவிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் மொத்த வேலையிலும் கஷ்டமான வேலை. அவள் ஓட்டிவிட்டு வந்து முதலில் சொன்னது, “பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது.” அன்றும் அப்படித்தான் இருந்திருக்கும், நமக்குத்தான் வயது குறைவு.

உன் வண்டிக்கு வருவோம். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடு, வயர் போகும் வழி, நட்டு போல்ட் உட்பட. கழற்றிய சாமானைத் தனித்தனிப் பையில் போட்டு எழுதி வைக்கச் சொல். சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டாமல் மணல் அடிக்க விடாதே. எழுத்து மழுங்கிவிட்டால் காகிதத்தில் இருப்பது இந்த வண்டிதான் என்று நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பெயிண்டைச் சுரண்டச் சொல்வதற்கு முன் உன் மனைவியை ஒருமுறை வண்டியின் பக்கத்தில் நிறுத்திக் கேள். அது அவளுடைய அப்பா வண்டி. எந்தக் கீறல் எப்படி வந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும், உனக்கும் எனக்கும் தெரியாது. அவளே பளபளவென்று வேண்டும் என்றால் சரி, அப்படியே செய். நான் குறுக்கே வரமாட்டேன்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். டைனமோ இன்னும் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றவில்லை. கார்பன் பிரஷ் மாற்றியாயிற்று, கம்யூட்டேட்டரும் சுத்தம். சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்மேல்தான் சந்தேகம். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்டுவிடலாம் என்கிறார்கள். வெளியே தெரியாமல் மறைத்து வைத்துவிடலாம், பழையதையும் பத்திரமாக வைத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். அதனால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்கு முன் 6 வோல்ட் வயரிங் படத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நம் காலத்தில் நீ ஒரு சர்வீஸ் கையேடு வைத்திருந்தாயே, கிரீஸ் கறையோடு, அது இன்னும் பரணில் இருந்தால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. நீயே ஏறாதே, முட்டி வலியோடு ஏணியும் வேண்டாம். மகளை ஏறச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்