பச்சடி இல்லாமல் குருமா பரிமாறாதீர்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துக் கலியாண மண்டபங்களில் சமையல் பொறுப்பெடுக்கும் அண்ணன்மாருக்கு,

வணக்கம். போன மாதம் நுவரெலியாவில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தோம். பிரியாணி, ஆட்டுக் குருமா, நாண் என்று பெரிய விருந்து. எங்கள் பந்தி வரும்போது இரவு ஒன்பது மணி. குருமாவின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்து கிடந்தது. கரண்டியால் அதை விலக்கித்தான் கறியை எடுத்தோம். தொட்டுக்கொள்ள தக்காளி சோஸ் மட்டும். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டார், "நெஞ்சக் கரிக்குதுப்பா" என்று தட்டை ஓரமாக வைத்துவிட்டார்.

குருமா லக்னோ, டில்லி அரண்மனை அடுப்புகளில் தயிரில் மெதுவாக வெந்து வளர்ந்த கறி. நெய், முந்திரி விழுது, பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம் என்று எல்லாமே கனம். அந்தக் கனத்தைத் தாங்கத்தான் புளிப்பும் பச்சையும் கூடவே வருகின்றன. ஹைதராபாத்தில் பிரியாணிக்குத் தயிர்ப்பச்சடியும் மிளகாய்ச் சாலன் என்கிற புளிப்புக் குழம்பும், ஆம்பூரில் கத்தரிக்காய்த் தொக்கு. செலவைக் குறைக்க முதலில் இவற்றில்தான் கை வைக்கிறீர்கள்.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், கறி வேக நேரமெடுக்கும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தயிர் திரிந்துபோகும். தயிரை நன்றாக அடித்து, தீயைத் தணித்து, கரண்டி கரண்டியாக விடுங்கள். இறக்கியதும் சட்டியைச் சுடுதண்ணீருக்குள் வைத்து மூடுங்கள். நம் குளிருக்கு ஆட்டுக்கொழுப்பு நிமிடத்தில் உறைகிறது.

பச்சடிக்குத் தேடி அலைய வேண்டியதில்லை. மட்டக்களப்பு எருமைத் தயிர், நம் கரட், முள்ளங்கி, சின்ன வெங்காயம், வறுத்து இடித்த சீரகம். ஒரு கிண்ணம் புதினாச் சம்பல், கொஞ்சம் அச்சாறு.

நாண் பற்றியும் ஒன்று. அது தந்தூர் என்கிற மண் அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு தின்னவேண்டியது; ஒரு மணித்தியாலம் கழிந்தால் தோல்தான். தந்தூர் இல்லாவிட்டால் தேங்காய்ப்பூ போட்ட நம் தோட்டத்து ரொட்டியைச் சுட்டு வையுங்கள். குருமாவை அது நன்றாக உறிஞ்சும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துச் சாப்பாட்டைக் கலியாணத்தில் வைப்பதா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கமுடியாத வருத்தம். விடியற்காலையில் மலைக்கு ஏறியவர்களை அந்த ரொட்டிதான் நிற்க வைத்தது.

தை மாதம் எங்கள் தங்கச்சி கலியாணம். உங்கள் விலைப்பட்டியலில் பச்சடி, சம்பல், ரொட்டி மூன்றையும் எழுதித் தாருங்கள். அதற்கான காசை முற்பணத்தோடு தந்துவிடுகிறோம்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து ஒரு தம்பி