பர்கூர் மலையில் சமூகக் காட்டு உரிமை: வரைபடம் தரவும் எல்லையை எங்களோடு நடந்து பார்க்கவும் கோரும் மனு

அனுப்புநர்
வன உரிமைக் குழு உறுப்பினர்களும் ஊர் மக்களும்,
பர்கூர் மலை, அந்தியூர் வட்டம்,
ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்
(தலைவர், மாவட்ட அளவிலான வன உரிமைக் குழு),
ஈரோடு.

பொருள்: வன உரிமைச் சட்டம் 2006 – சமூகக் காட்டு வள உரிமை – காட்டு வரைபடமும் வருவாய் வரைபடமும் கேட்டல் – கூட்டுக் களஆய்வு – சாதிச் சான்றிதழ் இல்லை என்று மலையாளிக் குடும்பங்களின் மனுக்களைத் திருப்புவதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பர்கூர் மலையில் காட்டை ஒட்டி இருக்கும் சிற்றூர்க்காரர்கள் நாங்கள். மலையாளி (கேரளத்தார் அல்ல, மலைவாழ் சமூகம்), சோளகர், லிங்காயத்து என்று மூன்று வகைக் குடும்பங்களும் எங்கள் ஊரில் உண்டு. ராகியும் சாமையும் விதைக்கிறோம், பர்கூர் மாடு வளர்க்கிறோம், தேன், கடுக்காய், நெல்லிக்காய், சீமாற்றுப் புல் எடுக்கிறோம். ஊர்க் காட்டின் மேல் சமூக உரிமை கேட்டு கிராம சபையில் தீர்மானம் போட்டோம். படிவம் சி-யை நிரப்பி, நாங்களே வரைந்த வரைபடத்தையும் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கோட்ட அளவிலான குழுவின் முன்னால் அது போய்ச் சேரவே இல்லை. கீழே ஓர் அலுவலகத்திலேயே, "செயற்கைக்கோள் படத்தில் அனுபோகம் தெரியவில்லை, அரசு வரைபடத்தோடும் பொருந்தவில்லை" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை.

சரி, பொருந்தவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்த அரசு வரைபடத்தை எங்களுக்கு யார் காட்டினார்கள்? ஒரு தடவை மேசையில் விரித்து வைத்திருந்ததை எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகப் பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். பீட்டு, கம்பார்ட்மெண்ட் என்று வனத்துறை காட்டைப் பிரித்த பகுதிகளின் எண், நீளமாக ஒரு கோடு. எங்கள் ஊர் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி. நகல் கேட்டதற்கு ஓரிடத்தில் "வெளியே தரக்கூடாத ஆவணம்" என்றார்கள். இன்னோரிடத்தில் "உங்கள் ஊருக்குத் தனியாக வருவாய்க் கணக்கே இல்லையே, எதைத் தருவது?" என்று எங்களையே கேட்டார்கள்.

வன உரிமைச் சட்டத்தின் விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. காட்டு வரைபடம், வருவாய் வரைபடம், வாக்காளர் பட்டியல் மூன்றையும் கிராம சபைக்கோ வன உரிமைக் குழுவுக்கோ கோட்ட அளவிலான குழு தரவேண்டும் என்கிறது விதி 6. தந்தார்களா என்று பார்ப்பது விதி 8-இன்படி தங்கள் தலைமையிலுள்ள மாவட்டக் குழுவின் பொறுப்பு. தனிப்பட்ட அலுவலர் எவரும், எந்தப் பதவியில் இருந்தாலும், உரிமைக் கோரிக்கையை நிராகரிக்கவோ திருத்தவோ அதிகாரம் இல்லை என்று 2012-இல் சேர்த்த 12ஏ விதி சொல்கிறது. ஆக, எங்கள் மனு சட்டப்படி இன்னும் நிராகரிக்கப்படவே இல்லை. உயிரோடுதான் இருக்கிறது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். முதலில் பெரியவர்கள் பள்ளிக்கூடத்து முற்றத்தில் கோலப்பொடியால் வரைந்தார்கள். எந்தப் பள்ளம் எங்கே திரும்புகிறது, கோடையிலும் வற்றாத ஊற்று எது, தேன் பாறை எது, மாரியம்மன் கல், புதைகாடு, ஊரின் எல்லை மரம் என்று ஒவ்வொன்றாக வந்தன. வரைந்து முடித்ததும் பொம்பளைகள் வந்து பாதியைத் திருத்தினார்கள். சுள்ளிக்கும் கீரைக்கும் கிழங்குக்கும் போகிற தடங்களை ஆண்கள் அப்படியே விட்டிருந்தார்கள். அப்புறம் பையன்கள் ஒவ்வோர் இடத்துக்கும் நடந்து போய்க் கைப்பேசியில் ஜி.பி.எஸ். புள்ளி எடுத்து வந்தார்கள். இப்போது ஒரு புள்ளியைத் தொட்டால் யாரும் அந்த இடத்துக்குப் போய் நிற்கலாம்.

செயற்கைக்கோள் படத்தில் அனுபோகம் தெரியவில்லை என்பதற்கு வருகிறோம். எங்கள் பக்கத்தில் மாட்டை ஊருக்குள் கட்டுவதில்லை. காட்டுக்குள் பட்டி போட்டு அடைப்போம். முள் வெட்டி வட்டமாக வேலி கட்டி, கன்றுக்குத் தனியாக ஓர் அடைப்பு, காவலுக்கு இருப்பவர் படுக்க ஒரு குடிசை. சில வருடத்தில் சாணமும் சேறும் மண்டி, உண்ணியும் பெருகினால் பட்டியை வேறிடத்துக்கு மாற்றிவிடுவோம். விட்டுப்போன பட்டியில் எரு ஊறிக் கிடப்பதால் மழை பெய்ததும் மற்ற இடத்தைவிடப் புல்லும் செடியும் கொழுத்து எழும்பும். மேலிருந்து எடுத்த படத்தில் அது அடர்ந்த காடு. கீழே போய் ஒரு சாண் தோண்டினால் கறுத்த எரு மண். கன்றுக்குத் தண்ணீர் காட்டக் குடைந்த கல் தொட்டிகூடச் சில இடங்களில் அப்படியே கிடக்கிறது. செயற்கைக்கோள் படம் மற்ற சாட்சியங்களுக்குத் துணையாகலாமே தவிர, அவற்றுக்கு மாற்றாகாது என்று அதே 12ஏ விதியின் விளக்கத்தில் இருக்கிறது.

சாட்சி வேண்டுமானால் விதி 13 நிறையவே அனுமதிக்கிறது. கிணறு, புதைகாடு, வழிபாட்டு இடம், வரப்பு, தடுப்பணை, உரிமை கேட்பவர் அல்லாத வேறு பெரியவர்களின் வாக்குமூலம், எல்லாமே அதில் உண்டு. வாய்மொழி வரலாற்றுக்கும் சாட்சியமாக உரிய எடை தரவேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1997-இல் டெல்கமூக் என்ற பழங்குடி நில உரிமை வழக்கில் சொன்னதை எங்களுக்கு உதவும் வக்கீல் எடுத்துக் காட்டினார். அவ்வளவு தூரம் போகவேண்டிய தேவை நமக்கு இல்லை. 2013-இல் ஒடிசாவின் நியம்கிரி மலைச் சுரங்க வழக்கில் நம் உச்ச நீதிமன்றமே, டோங்ரியா கோண்டு மக்களின் மலைத்தெய்வ உரிமை பாதிக்கப்படுமா என்பதை கிராம சபைகள் பரிசீலித்து முடிவெடுக்கட்டும் என்று விட்டது. எங்கள் மாரியம்மன் கல்லைப் படத்தில் குறித்தது அலங்காரத்துக்காக அல்ல.

பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1956 வரை கொள்ளேகால் தாலுகா நம் கோயம்புத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. மொழிவழி மாநிலம் பிரிந்தபோது அது மைசூர் பக்கம் போனது. சோளகர்கள் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆனார்கள். அந்தப் பக்கம் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் ஆராய்ச்சியாளர்கள் துணையோடு தங்கள் தெய்வ இடங்களை எல்லாம் வரைபடத்தில் குறித்தார்கள். 2011-இல், புலிகள் காப்பகத்துக்கு உள்ளேயே அவர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. இந்தப் பக்கத்துச் சோளகருக்கும் அதே தெய்வங்கள், அதே சட்டம். மாறியிருப்பது மாநிலம் மட்டும்தான்.

அவசரம் ஏன் என்றால், 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. மூச்சு விட்டோம். 2024 ஜனவரியில் எங்கள் காடு தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயம் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வன உரிமைச் சட்டம் சொல்லும் 'வன நிலம்' என்பதில் சரணாலயமும் அடங்கும். மேய்ச்சல் உரிமை பிரிவு 3-லேயே இருக்கிறது. உரிமைகளைச் சரிபார்த்து முடிக்கும் வரை யாரையும் அனுபோகத்திலிருந்து அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது பிரிவு 4(5). அப்படி இருக்க, பட்டியைக் காலிசெய்யச் சொல்லி வாய்மொழியாக ஆள் வந்துகொண்டே இருக்கிறது. மேய்ச்சல் நின்றால் பர்கூர் மாடும் நிற்கும். கொட்டகையில் கட்டித் தீவனம் வாங்கிப்போட்டு வளர்க்கிற மாடு அல்ல அது.

இனி மலையாளிக் குடும்பங்களின் சங்கதி. இது ஊரில் எல்லோருக்கும் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிற விஷயம். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்கு நேரே தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள் என்று எழுதியிருக்கிறது. கோயம்புத்தூர் அதில் இல்லை. 1979-இல் கோயம்புத்தூரிலிருந்து பிரித்த மாவட்டம்தான் இன்றைய ஈரோடு. அதனால் சேலம் மாவட்டத்துப் பாலமலையில் இருக்கும் மலையாளி பழங்குடி. இங்கே பர்கூர் மலையில் இருப்பவர் பழங்குடி இல்லை. இரண்டு மலைக்கும் பெண் கொடுத்து எடுக்கிறோம். மாமன் வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ், அத்தை வீட்டுப் பிள்ளைக்கு இல்லை என்று ஒரே விருந்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

பட்டியலைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்பது தெரியும். அதை இந்த மனுவில் கேட்கவில்லை. ஆனால் "எஸ்.டி. சான்றிதழ் இல்லாவிட்டால் வன உரிமை மனுவே வாங்கமாட்டோம்" என்று சொல்வதை ஒரு கடிதத்தால் தாங்கள் நிறுத்தலாம். சட்டத்தின் பெயரிலேயே 'இதர பாரம்பரிய வனவாழ்வோர்' இருக்கிறார்கள். அவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து குடியிருந்ததைக் காட்டவேண்டும். 1930-க்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறோம் என்பதற்கு எங்கள் புதைகாடே போதும். ஆனாலும் பழைய கோயம்புத்தூர் ஜில்லாக் காலத்துப் பதிவேடுகளிலும் நில அளவைக் கணக்குகளிலும் எங்கள் பகுதியைப் பற்றித் தேடித் தரச் சொன்னால் உதவியாக இருக்கும். அந்த அறைகளின் சாவி எங்களிடம் இல்லை.

ஆகவே ஐயா, எங்கள் ஊர் எல்லைக்குரிய காட்டு வரைபடம், வருவாய் வரைபடம் இரண்டின் நகலையும் வன உரிமைக் குழுவிடம் கொடுக்க உத்தரவிட வேண்டும். வனத்துறை, வருவாய்த்துறை, நில அளவை ஆட்கள் மூவரும் ஒரே நாளில் வந்து, எங்கள் பெரியவர்களோடு எல்லை நடந்து, பார்த்ததை அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். தனித்தனியாக வந்தால் ஒருவர் எழுதியதை மற்றவர் இல்லை என்பார், பட்டுவிட்டோம். திருப்பிக் கொடுக்கப்பட்ட மனுவைக் கோட்ட அளவிலான குழு முறையாக எடுத்துக்கொண்டு, ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அது முடியும் வரை பட்டிகளைக் கலைக்கக் கூடாது என்று சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுத்தில் சொல்லவேண்டும்.

களஆய்வுக்கு நாள் குறிக்கும்போது ஒரு வேண்டுகோள். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் இரண்டு பள்ளத்தைத் தாண்ட முடியாது, அதற்கு முன் வந்தால் நல்லது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி திருவிழாச் சந்தைக்குப் பாதி ஊர் மாடு ஓட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடும். அந்த வாரம் மட்டும் வேண்டாம். மற்றபடி எந்த நாள் என்றாலும் தயார். வருபவர்களுக்குச் சோறு எங்கள் பொறுப்பு.

இணைப்பு: கிராம சபைத் தீர்மான நகல், படிவம் சி நகல், ஊர் வரைபடமும் ஜி.பி.எஸ். புள்ளிகளும், பெரியவர்களின் வாக்குமூலங்கள், பழைய பட்டிகளின் புகைப்படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வன உரிமைக் குழுத் தலைவர், செயலாளர்,
உறுப்பினர்கள் மற்றும் ஊர் மக்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் பின்தாள்களில்)